முதலில் தண்ணீரைப் பாருங்கள், தூண்டிலைப் பிறகு வாங்கலாம்

ஓசூர், சூளகிரி, குருபரப்பள்ளி, பர்கூர் சிப்காட் ஆலைகளில் வேலை பார்த்துக்கொண்டு, வார விடுப்பில் தூண்டிலோடு கிளம்பத் தொடங்கியிருக்கும் தம்பி தங்கைகளுக்கு,



ஞாயிற்றுக்கிழமை விடியலில் கெலவரப்பள்ளி அணைப் பக்கமும், கிருஷ்ணகிரி அணைக்குப் போகிற சாலையிலும் உங்களைப் பார்க்கிறேன். பைக்கின் பின்னால் நீளமான பை, தோளில் இன்னொரு பை, கையில் தேநீர். வாரம் முழுக்க இயந்திர இரைச்சலுக்குள் நின்றவர்கள் ஒரு நாள் நீர்க்கரையில் அமைதியாக உட்கார விரும்புவது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அந்த ஒரு நாள் வீணாகக் கூடாது, அதனால் யாருக்கும் கேடு வரக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

உங்களில் பெரும்பாலோர் முதலில் ராடு வாங்குகிறீர்கள். செல்பேசியில் பத்துக் காணொளி பார்த்து, சம்பளம் வந்த வாரத்தில் பணம் கட்டி, பெட்டி வந்து சேர்ந்த பிறகுதான் "எங்கே போகலாம்?" என்று கேட்கிறீர்கள். வரிசை தலைகீழாக இருக்கிறது. எந்தத் தண்ணீர் என்று முதலில் முடிவாக வேண்டும். அதில் என்ன மீன், அது என்ன தின்னும், எந்த ஆழத்தில் தின்னும் என்பது அடுத்து வரும். முள்ளும் நரம்பும் ராடும் கடைசி. வேறு ஊரில் இந்த வரிசை தவறினால் கொஞ்சம் பணம் போகும், அவ்வளவுதான். நம் எல்லைப் பகுதியில் தண்ணீரைத் தேர்ந்தெடுப்பதுதான் முழு வேலையும்.

தென்பெண்ணையிலிருந்தே தொடங்குகிறேன். அது நந்தி மலைப் பகுதியில் பிறக்கிறது. பெங்களூருவின் கிழக்கே இறங்கி வரும் வழியில் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் வடிகால் அதில் சேர்கிறது. 2015, 2017, 2018 ஆண்டுகளில் தீப்பிடித்துச் செய்தியில் அடிபட்ட பெல்லந்தூர் ஏரிதான் அது. அந்தப் பெருநகரத்தின் சாக்கடையையும் சோப்பு நீரையும் ஆலைக் கழிவையும் சுமந்துகொண்டு ஆறு எல்லை தாண்டுகிறது. தாண்டியதும் முதலில் தேங்கும் இடம் ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணை. மதகைத் திறக்கும் நாட்களில் ஆற்றில் ஆள் உயரத்துக்கு வெள்ளை நுரை எழுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். சலவைத்தூளில் உள்ள நுரைக்கும் பொருள் நீரில் கரைந்து கிடக்கிறது. நீர் உயரத்திலிருந்து விழும்போது காற்று கலந்து நுரையாகிறது. நுரை அடங்கிவிட்டால் நீர் சுத்தமாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். நீர் விழாத இடத்தில் நுரை எழாது, ஆனால் கரைந்திருப்பது அப்படியேதான் இருக்கும்.

"அண்ணா, அங்கேதான் மீன் நிறைய மாட்டுது" என்று சொல்வீர்கள். மாட்டும். ஏன் மாட்டுகிறது என்று யோசியுங்கள். ஜிலேபி எனப்படும் திலாப்பியா, ஆக்சிஜன் குறைந்த நீரிலும் தாக்குப்பிடிக்கும். ஆப்பிரிக்கக் கெளுத்தி நீரில் மூச்சு முட்டினால் மேலே வந்து காற்றையே சுவாசித்துக்கொள்ளும். நீர் கெடக் கெட அயிரை, சேல்கெண்டை போன்ற நம் மீன்கள் விலகும். இந்த இரண்டும் பெருகும். ஆகவே ஒரே மணி நேரத்தில் பை நிறைய இந்த இரண்டு மட்டும் மாட்டினால், அந்த நீரைச் சந்தேகப்படுவதற்கு அதுவே காரணம். வேறு அடையாளங்களும் உண்டு. உடையாமல் மிதக்கும் வெள்ளை நுரை, முட்டை அழுகிய வாடை, கரைக் கல்லில் ஒட்டிய கறுப்பு வழவழப்பு. முக்கியமான ஒன்றைப் புதியவர்கள் தப்பாகவே படிக்கிறார்கள். விடியற்காலையில் மீன்கள் கூட்டமாக மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடினால், இரை தேடுகின்றன என்று அவசரமாகத் தூண்டிலை வீசுவார்கள். அவை இரை தேடவில்லை, மூச்சுக்குத் தவிக்கின்றன. கழிவின் சத்தால் பச்சை பூத்த நீரில் பாசி இரவெல்லாம் ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். சூரியன் எழுவதற்குச் சற்று முன்புதான் அது மிகவும் குறைந்திருக்கும். அந்த நேரத்தில் தூண்டிலை எடுக்காதீர்கள்.

கெலவரப்பள்ளியிலும், அதற்குக் கீழே நுரை தெரியும் ஆற்றுப் பகுதியிலும் பிடித்த மீனை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அறைத் தோழர்களுக்குக் குழம்பு வைக்க மீன் வேண்டுமென்றால் சந்தையில் வாங்குங்கள். வீசிப் பழகுவதற்கு அந்தக் கரை உதவும், அதற்கு மேல் வேண்டாம்.

ஆற்றில் இன்னும் கீழே போனால் கிருஷ்ணகிரி அணை, 52 அடி. அணைப் பூங்காவை ஒட்டிய மீன் வறுவல் கடைகளால் உங்கள் எல்லோருக்கும் தெரிந்த இடம். மார்க்கண்டேய நதியும் அங்கே வந்து சேர்கிறது. அணைக்கும் கீழே நெடுங்கல் அணைக்கட்டிலிருந்து வாய்க்காலில் நீர் வாங்கும் பாரூர் பெரிய ஏரி. ஆறு இவ்வளவு தூரம் ஓடித் தேங்கித் தெளிந்து வருவதால் இங்கே நிலைமை பரவாயில்லை. ஆனாலும் கோடையில் அணை வற்றிப் பச்சை பூக்கும் மாதங்களில் நான் அங்கே மீனுக்காகப் போகமாட்டேன். மழை முடிந்து நீர் நிலைத்த பிறகு, பொங்கலை ஒட்டிய வாரங்களில் போவேன். தென்பெண்ணையின் நீர் வாங்காமல் மழையை மட்டும் நம்பியிருக்கும் சிற்றேரிகள் சூளகிரி, வேப்பனப்பள்ளி, பர்கூர், ஊத்தங்கரை பக்கம் ஏராளம். புதியவர்களுக்கு என் முதல் பரிந்துரை அவைதான்.

ஆனால் அந்த ஏரிகள் யாருடையவை? கரையில் வேலி இல்லை, பலகை இல்லை என்பதால் பொது என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலான ஏரிகளில் மீன்பாசி ஏலம் போயிருக்கும். ஏலம் எடுத்தவர் கடன் வாங்கிக் குஞ்சு விட்டிருப்பார். அணைகளில் மீன்வளத் துறை கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை விடுகிறது. பரிசலில் போய் வலை விரிக்கும் குடும்பங்கள் அதை நம்பி வாழ்கின்றன. நீங்கள் பொழுதுபோக்காக இழுக்கும் இரண்டு கிலோ ரோகு அவர்களுடைய ஒரு வேளைக் கூலி. ஆகவே ஒரு வாரம் முன்பே போங்கள், தூண்டில் இல்லாமல் போங்கள். ஏரிக்கரைத் தேநீர்க் கடையில் விசாரித்தால் குத்தகைக்காரர் யாரென்று சொல்லிவிடுவார்கள். தமிழோ தெலுங்கோ கன்னடமோ, வாயில் வருகிற மொழியில் மரியாதையாகக் கேளுங்கள். "ஞாயிறு காலை நாலு பேர் கைத்தூண்டில் போடுவோம், பிடிக்கிற ஜிலேபியை எடுத்துக்கொள்கிறோம், கெண்டை மாட்டினால் திருப்பி விடுகிறோம்" என்று சொன்னால் பலர் சரி என்பார்கள். காசு கேட்டால் கொடுங்கள். மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம், வேறு ஏரிக்குப் போய்விடுங்கள். எல்லை தாண்டி அத்திப்பள்ளி, ஆனேக்கல் பக்கம் போகிறவர்களும் இப்படியே முன்கூட்டிக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அனுமதியே கிடைக்காத தண்ணீர் ஒன்று உண்டு. அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் வழியாகக் காவிரிக்கு இறங்கும் சாலை உங்களை இழுக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தக் காடு 2014-இல் அறிவித்த காவிரி வடக்கு வனஉயிரினச் சரணாலயம், 2022-இல் அறிவித்த காவிரி தெற்கு வனஉயிரினச் சரணாலயம் ஆகியவற்றுக்குள் வருகிறது. அங்கே தூண்டில் போடுவது குற்றம். சட்டத்துக்கு அப்பாலும் ஒரு காரணம் இருக்கிறது. காவிரிக்கே உரிய திமில் மகசீர், உலகில் வேறெங்கும் இல்லாத பெருமீன், 2018-இல் மிக அருகிவிட்ட இனமாகப் பன்னாட்டுப் பட்டியலில் சேர்ந்தது. ஒரு காலத்தில் கர்நாடகக் கரையில் பீமேஸ்வரி, கலிபோரே முகாம்களுக்கு வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்து ராகி உருண்டையைக் கோத்து அதைப் பிடித்து, எடை பார்த்து, மறுபடி நீரில் விட்டார்கள். பாதுகாக்கப்பட்ட காடுகளில் அதுவும் நின்று பத்தாண்டுக்கு மேலாகிறது. நீர்நாயும் முதலையும் மென்னோட்டு ஆமையும் மிச்சமிருக்கும் அந்த ஆற்றை விட்டுவைப்போம்.

இனி யானை. இதை வெறும் எச்சரிக்கைப் பலகையாக எண்ணித் தாண்டிப் போய்விடாதீர்கள். ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர், நவம்பர் வாக்கில் பன்னேர்கட்டாவிலிருந்து யானைக் கூட்டங்கள் தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை வழியாக இறங்கிச் சானமாவு, போடூர்பள்ளம் காடுகள் வரை வருகின்றன. ராகி முற்றும் பருவம் அது. பகலில் காட்டில் நின்று, பொழுது சாயும்போது ஏரிக்கு நீர் குடிக்க வரும். இரவில் வயலில் மேய்ந்து விடியலில் திரும்பும். தூண்டில்காரருக்குப் பிடித்த நேரங்களும் அந்த இரண்டுதானே! அறுவடை முடியும் வரை காட்டோர ஏரிகளில் காலை எட்டு மணிக்குப் பிறகு இறங்கி, மாலை நான்கு மணிக்குள் கிளம்பிவிடுங்கள். வனத்துறை அந்தப் பக்கம் போகாதீர்கள் என்று அறிவித்த நாளில் திட்டத்தையே மாற்றுங்கள். யானையைப் படம் எடுக்க நிற்காதீர்கள்.

மழைக்காலத்தில் ஆற்றின் நடுப்பாறையில் ஏறி உட்காரும் பழக்கமும் வேண்டாம். 2017 நவம்பரில் கிருஷ்ணகிரி அணையின் மதகு ஒன்று உடைந்து நீர் வெளியேறியது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டி, நிறுத்தியிருந்த வண்டிகளை வெள்ளம் இழுத்துப் போனது. உங்கள் தலைக்கு மேல் மேகமே இல்லாதபோதும் பெங்களூருவில் பெய்த மழை கெலவரப்பள்ளி மதகு வழியே வந்து சேரும். கிளம்பும் முன் அணையில் எவ்வளவு நீர் திறக்கிறார்கள் என்று அன்றைய செய்தியைப் பாருங்கள். இரவு ஷிப்ட் முடித்த கையோடு தூங்காமல் பைக்கை எடுக்காதீர்கள். சூளகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே கண்ணயர்ந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

தண்ணீர் முடிவாகிவிட்டதா? இப்போது மீனுக்கு வருவோம். மீனின் வாயைப் பார்த்தால் அது எங்கே தின்கிறது என்று தெரிந்துவிடும். கட்லாவின் வாய் மேல்நோக்கித் திறக்கும், அது மேல்மட்டத்தில் மேய்கிறது. ரோகு நடுமட்டம். மிர்காலுக்கு வாய் கீழ்நோக்கி இருக்கும், அது அடிமண்ணைத் துழாவும். தக்கைக்கும் முள்ளுக்கும் இடையில் எவ்வளவு நரம்பு விட வேண்டும் என்பதை இதுதான் முடிவு செய்கிறது. விரால் நீர்த்தாவரத்துக்குள் பதுங்கியிருந்து பாயும். கெளுத்தி பொழுது சாய்ந்தபின் அடியில் திரியும். ஜிலேபி கரையோரத்திலேயே சுற்றும்; வாய் சிறியது, ஆனால் ஆசை அதிகம். முதல் மாதம் ஜிலேபியை மட்டும் குறிவையுங்கள். தக்கை நடுங்குவதற்கும் அமிழ்வதற்கும் உள்ள வேறுபாட்டை அதைவிட நன்றாகச் சொல்லித்தர ஆள் கிடையாது.

அதற்கு ராடே தேவையில்லை. பத்தடி மூங்கில் கழி, அதன் நுனியில் கட்டிய தங்கூசி நரம்பு, நெட்டியோ பழைய ரப்பர் செருப்புத் துண்டோ தக்கையாக, ஒரு சிறு ஈயக்குண்டு, 8 அல்லது 10-ஆம் எண் முள், ஈரமண்ணோடு டப்பாவில் மண்புழு. எல்லாம் சேர்ந்து நூறு, இருநூறு ரூபாய்தான். முள்ளின் எண் கூடக் கூட முள் சிறியதாகும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். கடையில் புதியவர்கள் குழம்பும் இடம் அது. நம் ஊர்ப் பெரியவர்கள் இந்தக் கழியை வைத்தே குடும்பத்துக்குக் குழம்புமீன் கொண்டுவந்தார்கள். இதில் கைபழகினால் பிறகு எந்த ராடும் கையில் அடங்கும்.

தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கமிருந்து வந்த தம்பிகள் கடலுக்கான கனத்த ராடையும் பெரிய ரீலையும் ஊரிலிருந்து கொண்டுவருகிறார்கள். இங்கே அவை வேண்டாம். அரைக் கிலோ மீன் கடிப்பது அந்தக் கழியின் நுனியில் தெரியவே தெரியாது. ஏரிக்கு ஆறரை அல்லது ஏழடி நீள நடுத்தர ஸ்பின்னிங் ராடு, 2500 அல்லது 3000 அளவு ரீல், 0.28 அல்லது 0.30 மில்லிமீட்டர் மோனோ நரம்பு போதும். 2,000 ரூபாயை ஒட்டிய விலையில் நல்ல ஜோடி கிடைக்கும். பணம் மிஞ்சினால் ரீலில் போடுங்கள், ராடில் வேண்டாம். மலிவு ராடு பல ஆண்டு உழைக்கும். மலிவு ரீலின் டிராக், நல்ல மீன் மாட்டும் அன்றைக்கே இறுகிக்கொள்ளும். மடக்கி நீட்டும் ராடு பைக்குக்கு வசதி, ஆனால் மணல் புகுந்தால் கணுக்கள் சிக்கிக்கொள்ளும் என்பதால் ஒவ்வொரு முறையும் நல்ல நீரில் கழுவித் துடைத்து வையுங்கள்.

டிராக் என்பது மீன் இழுக்கும்போது நரம்பை அளவாக விட்டுக்கொடுக்கும் பிடி. நரம்பு தாங்கும் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதை முடுக்கக் கூடாது. ஆறு கிலோ தாங்கும் நரம்பென்றால் இரண்டு கிலோ இழுப்பில் ரீல் சுழன்று நரம்பை விட வேண்டும். பெட்டி எடை பார்க்கும் கைத்தராசை நரம்பு நுனியில் மாட்டி இழுத்தாலே அளவு தெரிந்துவிடும். அசெம்பிளி லைனில் டார்க் பார்த்து போல்ட் முடுக்குகிற உங்களுக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை. அங்கே காட்டும் பொறுமையை இங்கேயும் காட்டுங்கள். நரம்பில் முடிச்சை இறுக்கும் முன் எச்சில் தொட்டு நனையுங்கள். காய்ந்த முடிச்சு உராய்ந்து சூடாகி அங்கேயே அறுந்துபோகும்.

இரைக்கு வெளியே தேட வேண்டியதில்லை. ராகி மாவைக் கெட்டியாகக் களி கிண்டி, கொஞ்சம் கடலைப் புண்ணாக்குத் தூள் சேர்த்துப் பிசைந்து, சுண்டைக்காய் அளவு உருட்டினால் கெண்டை இனத்துக்கு அதைவிட நல்ல இரை இல்லை. விராலுக்குத் தவளையைக் கோக்கிறார்கள் சிலர். அது கொடுமை என்பதோடு, மழைக்குக் கத்தும் பெரிய தவளை வனஉயிரினச் சட்டத்தின் பாதுகாப்பிலும் இருக்கிறது. ரப்பர் தவளை வாங்குங்கள்; செடிக்குள் இழுக்க வேண்டியிருப்பதால் அதற்கு மட்டும் பிரெய்டு நூல் போட்டுக்கொள்ளுங்கள்.

விராலைப் பற்றி ஒன்று அழுத்திச் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் நீரின் மேல் செந்நிறமாய் ஒரு குஞ்சுக்கூட்டம் சுழன்று நகர்வதைக் காண்பீர்கள். அதற்குக் கீழேயே தாயும் தந்தையும் காவல் நிற்கும். அந்தக் கூட்டத்தின் மேல் ரப்பர் தவளையை வீசினால் பெரிய விரால் கட்டாயம் பாயும். பசியால் அல்ல, பிள்ளைகளைக் காக்கத்தான். அதைப் பிடித்தால் குஞ்சு முழுவதும் மற்ற மீன்களுக்கு இரையாகும். எளிதாக மாட்டும் என்று யார் சொல்லித்தந்தாலும் அதைச் செய்யாதீர்கள்.

மற்றவை சுருக்கமாக. முள்ளின் நுனிக்குப் பின்னால் இருக்கும் சிறு எதிர்க்கூரைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். மீனின் வாயிலிருந்தும் உங்கள் விரலிலிருந்தும் சுலபமாக வெளியே வரும். கெளுத்தியைத் தூக்கும்போது முதுகிலும் பக்கங்களிலும் உள்ள முட்களைப் பார்த்துப் பிடியுங்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்கவே நாட்டில் தடை இருக்கிறது. மாட்டினால் வேறெந்த நீரிலும் விடாதீர்கள். கார்பன் ராடில் மின்சாரம் பாயும். நம் மாவட்டத்தில் உயர்மின் கம்பிகள் கடக்காத ஏரி குறைவு என்பதால் வீசும் முன் தலையைத் தூக்கிப் பாருங்கள். இடி தொடங்கினால் ராடைக் கீழே வைத்துவிட்டுக் கரையை விட்டு நகருங்கள். அறுந்த நரம்பைச் சுருட்டிப் பையில் போடுங்கள், அது நீர்க்காகத்தின் காலில் சுற்றினால் அறுக்க ஆள் இல்லை. வெடியும் விஷமும் போட்டு மீன் பிடிப்பதை 1897-ஆம் ஆண்டுச் சட்டமே தடுத்திருக்கிறது. அப்படி யாராவது செய்வதைக் கண்டால் தனியாகச் சண்டைக்குப் போகாமல் குத்தகைக்காரருக்கும் காவல் நிலையத்துக்கும் சொல்லுங்கள்.

உங்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை. இந்த ஆற்றையும் ஏரிகளையும் வாரந்தோறும், அதுவும் விடியலில், அருகில் போய்ப் பார்க்கிறவர்கள் குறைவு. விவசாயிகள் நுரையைப் பார்த்துப் பார்த்து மனு கொடுத்து ஓய்ந்திருக்கிறார்கள். பசுமைத் தீர்ப்பாயம் வரை போன விவகாரம் இது. அங்கே பேசுவதற்குச் சான்று வேண்டும். தூண்டில் பையில் ஒரு சின்ன நோட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தேதி, எந்த இடம், நீரின் நிறம், வாடை, நுரை உண்டா, என்ன மீன் மாட்டியது, செத்து மிதந்தது உண்டா என்று நான்கு வரி எழுதி ஒரு படமும் எடுங்கள். ஆலையில் ஷிப்ட் ரிப்போர்ட் எழுதுகிற கைக்கு இது ஐந்து நிமிட வேலை. கெட்ட நீரைக் கண்ட நாளில் அதை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஓசூர் அலுவலகத்துக்கும், அந்த ஏரிப் பாசன விவசாயிகளுக்கும் அனுப்பிவையுங்கள். உங்களில் சிலர் வேலை செய்யும் ஆலையின் வடிகாலே அந்த ஏரிக்குப் போவதாகத் தெரிந்தால், அதையும் எழுதுங்கள். பெயர் போட அச்சமாக இருந்தால் விவசாயிகள் சங்கத்தின் வழியாகக் கொடுங்கள்.

இந்த வாரம் ராடு வாங்க வேண்டாம். ஞாயிறு காலை பக்கத்து மழைநீர் ஏரி ஒன்றை ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டு, குத்தகைக்காரர் யாரென்று கேட்டுவிட்டு வாருங்கள். மூங்கில் கழியை அடுத்த வாரம் வெட்டிக்கொள்ளலாம்.

அன்புடன்,
தென்பெண்ணைக் கரையிலிருந்து உங்கள் அண்ணன்